பேர் சொல்லாத ஜெபக் குறிப்பு

ஜூன் 4, புதன்

காலையிலிருந்து தண்ணீர் இல்லை. மோட்டாரைப் போட்டால் உறுமுகிறதே தவிர ஏற மாட்டேன் என்கிறது. இவரிடம் சொன்னால் "பாக்கலாம்" என்கிறார். இந்த ஒரு வார்த்தையை வைத்தே இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்ட மனுஷன். நானே போய் எலெக்ட்ரீஷியனைப் பிடித்து வந்தேன். மாதர் சங்கச் செயலாளராக இருப்பவளுக்கு இந்த ஊரில் முடியாத வேலை எது?

மதியம் ஷைனி வந்தாள். தெற்குத் தெரு சுகிர்தாவின் ஒரே மகள். அப்பா இல்லாத பிள்ளை. சுகிர்தா தைத்த என் ரவிக்கையைக் கொடுத்துவிட்டு, போகாமல் வாசலிலேயே நின்றாள். ஓய்வுநாள் பள்ளியில் என்னிடம் படித்தபோது வாய் ஓயாத பிள்ளை. இப்போது கல்லூரி முடித்து வீட்டில் இருக்கிறாள்.

"பெரியம்மா, உங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு மக்ளே."

"ஒண்ணுமில்ல... மனசே சரியில்ல பெரியம்மா."

எனக்கோ மூன்று மணி ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. ஆலயத்துச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. அவள் தலையில் கை வைத்து ஊக்கமாக ஒரு ஜெபம் செய்தேன். "தெனமும் வேதம் வாசிக்கியா?" என்று கேட்டேன். "வாசிக்கேன்" என்றாள். "அப்ப எல்லாஞ் சரியாயிரும்" என்று அனுப்பிவைத்தேன்.

ரவிக்கைக் கை கொஞ்சம் பிடிக்கிறது. சுகிர்தாவிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

ஷைனி இறந்துவிட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

அடக்கம் முடிந்தது. தூத்துக்குடி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்று சுகிர்தாவின் தம்பி சொன்னார். இருபத்திரண்டு வயது.

வீட்டில் பொறுப்பாக ஒரு ஆள் இல்லை. பந்தல், நாற்காலி, பாட்டு எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். அழுகையை அப்படியே விட்டால் துட்டி வீடு தாங்காது என்பது என் அனுபவம். யாராவது ஓங்கி அழ ஆரம்பித்தால் நான் ஒரு பாட்டை எடுத்துவிடுவேன். பெட்டியை மூடும்போது சுகிர்தா "ஏன் ஆண்டவரே, ஏன்" என்று கத்தினாள். ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்னு கேக்கப்படாது சுகிர்தா. அவரு சித்தம்."

அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. கோயில் மணி அடித்தது. எங்கள் குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் கல்லறையில் சுருக்கமாகத்தான் பேசினார். இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

அடுக்குத் தூக்குச்சட்டியில் சோறு, ரசம், அவியல் கொண்டுபோனேன். சுகிர்தா சாப்பிடவில்லை. தையல் மெஷின் மேல் ஷைனியின் துப்பட்டா கிடந்தது. அதை மடித்து வைக்கப் போனேன். "விடுங்கக்கா" என்றாள். அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. துக்கத்தில் இருப்பவளிடம் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

"ஷைனி இப்ப பரலோகத்துலருந்து நம்மளப் பாத்து சிரிச்சுக்கிட்டிருப்பா."

"எனக்கு அவ இங்க இருக்கணும்க்கா."

விசுவாசம் குறைந்துபோயிருக்கிறது. அதனால் எங்கள் ஜெபக்கூட்டத்துக் கனகம் மைனியின் அக்காள் கதையைச் சொன்னேன். அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தும் அந்த அம்மாள் ஒரு ஞாயிறுகூடப் பாடகர் குழுவுக்கு வராமல் இருந்ததில்லை. கேட்டுக்கொண்டிருந்த சுகிர்தா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஆறுதல் அடைந்திருப்பாள் என்று நினைக்கிறேன். ஜெபித்துவிட்டு வந்தேன். தூக்குச்சட்டியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

ஜூன் 18, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். மனசு கனக்கிறது. இந்த டைரியை நான் மட்டும்தானே பார்க்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் நேரே சுகிர்தா வீட்டுக்குப் போனேன். உட்கார்ந்ததும் வழக்கம்போல வேதத்தைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து மூடினாள்.

"இன்னைக்கு ஜெபம் வேணாம்க்கா. கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

துக்க வீட்டில் சும்மா எப்படி இருப்பது? ஒன்றும் செய்யாமல் இரண்டு பேர் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு? உள்ளுக்குள்ளேயே ஜெபித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு வாஷர் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள்.

"மூளைக்காய்ச்சல் இல்லக்கா. அவளா போயிட்டா."

வேதத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன்.

"ஏன்னு தெரியலக்கா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பாக்குற ஆள் எல்லாத்துக்கிட்டயும் கேக்கேன். அந்தப் புதன்கெழம உங்க வீட்டுக்கு ரவிக்க கொண்டு வந்தாள்ல? உங்கள்ட்ட ஏதாவது சொன்னாளாக்கா? எதாவது?"

"ஒண்ணுஞ் சொல்லலியே" என்றேன்.

அது உண்மைதான். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கல்லறைக் கல்லைப் பற்றிப் பேசினாள். எங்கள் சபையில் பழைய கட்டு ஒன்று உண்டு. தானாக உயிரை விட்டவர்களுக்குக் கோயில் மணி கிடையாது, இடம் மதில் ஓரத்தில், கல்லில் பேரும் தேதியும் மட்டும். மற்ற எல்லோர் கல்லிலும் பேருக்குக் கீழே "கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்" என்று இருக்கும். சுகிர்தா அந்த வார்த்தைகளோடுதான் கல் வெட்டச் சொல்லியிருக்கிறாள்.

"அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்க்கா. அந்த வார்த்தய அங்க பாத்தாப் போதும். நான் மிச்ச நாள ஓட்டிருவேன். யாருக்கிட்டயும் சொல்லிராதிய."

"நான் சொல்லுவேனா" என்றேன். அழுதுவிட்டேன். அவள்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜூன் 25, புதன்

ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. இவ்வளவு பெரிய பாரத்தை ஒருத்தி மட்டும் சுமப்பது முறையா? பத்துப் பேர் சேர்ந்து சுமந்தால் ஜெபத்துக்குப் பலம் அதிகம் என்று நான்தானே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

கூட்டத்தில் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக் குறிப்பு கேட்டபோது எழுந்தேன். பேர் சொல்லவில்லை. அதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். "நம்ம சபையில ஒரு சகோதரி. அவங்க மக தன் முடிவத் தானே தேடிக்கிட்டா. அந்தத் தாயோட ஆறுதலுக்காக ஜெபிப்போம்" என்றேன், அவ்வளவுதான். எல்லோரும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். கனகம் மைனியின் ஜெபம் உருக்கமாக இருந்தது. கூட்டத்தில் இப்படி ஆவியானவர் அசைவாடி ரொம்ப நாளாகிறது.

வெளியே செருப்புப் போடும்போது கனகம் மைனி, "பாவம் சுகிர்தா" என்றார்.

"நான் பேரே சொல்லலியே மைனி."

"நீ எங்க சொன்ன? நாந்தான சொல்லுதேன்."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏளா, பேரச் சொல்லல, சரி. இந்த மாசம் நம்ம சபையில எத்தன கொமருப் பிள்ள செத்துச்சு?"

இவருக்கு ஆவிக்குரிய காரியங்கள் புரியாது.

ஜூன் 30, திங்கள்

மோட்டார் மறுபடியும் பழுது. எலெக்ட்ரீஷியனின் மனைவி வாசலில் வைத்து, "சுகிர்தா மகளப் பத்தி கேள்விப்பட்டது நெசமாக்கா?" என்று கேட்டாள். அவள் எங்கள் சபைகூட இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

சுகிர்தா ஆராதனைக்கு வந்திருந்தாள். துக்கத்துக்குப் பிறகு முதல் தடவை. அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. கெட்ட எண்ணத்தில் அல்ல. எப்படிப் பேசுவது என்று தெரியாமல் இருக்கும். பாடகர் குழுவில் இருந்ததால் என்னாலும் போக முடியவில்லை. நற்கருணைக்குக்கூட அவள் எழுந்து வரவில்லை. கடைசி ஜெபம் முடியுமுன் போய்விட்டாள்.

ஜூலை 12, சனி

சபைக் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. கல் விஷயம். கனகம் மைனியின் வீட்டுக்காரர்தான் கமிட்டியில் பெரிய குரல். அவர் கல் வெட்டுகிறவரிடம் போய் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்.

ஐயர் முதலில் பேசினார். "ஊர்ப் பேச்ச வச்சு நாம எதுவும் முடிவு பண்ண முடியாது. டாக்டர் சர்டிபிகேட் எதையும் நான் கேக்கப் போறதில்ல. பிள்ளைய அடக்கம் பண்ணியாச்சு. கல்லு எழும்பட்டும்" என்றார். அதோடு முடிந்துவிடும் போலத்தான் இருந்தது. கனகம் மைனியின் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"பேச்சு இவங்க கூட்டத்துலதான் கெளம்புனது. இவங்களே சொல்லட்டும். அந்தம்மா உங்ககிட்ட நேர்ல சொன்னாங்களா, இல்லியா?"

ஐயர் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது.

தேவனுடைய ஆலயத்தில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படிப் பொய் சொல்வேன்? சின்ன வயதிலிருந்து ஒரு பொய் சொன்னதில்லை. "ஆமா" என்றேன்.

வெளியே வந்தபோது ஐயர் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"உங்கள நான் பொய் சொல்லச் சொல்லலம்மா. 'அது நான் சொல்றதுக்கில்ல'ன்னு ஒரு வார்த்த. அதுக்குத்தான் உங்க மொகத்தப் பாத்துக்கிட்டிருந்தேன். அத வச்சே நான் கூட்டத்த முடிச்சிருப்பேன்."

எனக்கு அந்த வார்த்தை தோன்றவே இல்லை. இத்தனை வருஷ ஊழியத்தில் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லத் தேவைப்பட்டதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கல்லறைத் தோட்டத்தில் கல் நிற்கிறது. ஷைனி. பிறந்த தேதி. இறந்த தேதி. கீழே வார்த்தைகளுக்கு விட்ட இடம் அப்படியே வழவழவென்று இருக்கிறது. மதில் ஓரத்துக்கு மாற்றச் சொன்னார்களாம். ஐயர் ஒரேயடியாக மறுத்துவிட்டார் என்று இவர் சொன்னார். அதுவரைக்கும் நல்லது.

இரவுச் சாப்பாட்டில் இவர் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. நான் சாப்பிட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஜூலை 23, புதன்

சுகிர்தா வீட்டுக்குப் போனேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தட்டினேன். மெஷின் நின்றது. கதவு திறக்கவில்லை.

"சுகிர்தா, நான் பேரு எதுவும் சொல்லலம்மா. ஜெபத்துக்காகத்தான்..." என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஜூலை 30, புதன்

போனேன். திறக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மழை வரும்போல இருந்தது. இருந்தாலும் போனேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் கொடியேற்றத்துக்குப் போய்விட்டு வந்தால் என் அடுக்குத் தூக்குச்சட்டி கேட்டில் தொங்குகிறது. புளி போட்டு விளக்கிப் பளபளவென்று இருந்தது.

எங்கள் பக்கம் யாரும் ஒரு பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றும் இல்லாத வீடுகூட ஒரு பிடி சீனி, ஒரு கொத்து முருங்கைக்கீரை, நாலு பச்சைமிளகாய் என்று எதையாவது போட்டுத்தான் தரும். சுகிர்தா போன வருஷம் ஒரு கிண்ணத்தைத் திருப்பித் தரும்போதுகூட முறுக்குச் சுட்டு வைத்துத் தந்தாள்.

மேல் தட்டைத் திறந்தேன். நடுத் தட்டைத் திறந்தேன். அடித் தட்டையும் திறந்து பார்த்தேன்.

துடைத்து வைத்திருந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. சமையற்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவர் வந்து பார்த்துவிட்டு, தட்டுகளை எடுத்து அடுக்கி மேலே வைத்தார். அவர் அப்போது "பாக்கலாம்" என்றுகூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 10, புதன்

பீரோவை ஒதுக்கும்போது அந்த ரவிக்கை கையில் கிடைத்தது. இன்னும் போடவில்லை. கைப்பகுதியைப் பிரித்துவிடலாம் என்று கத்தரியை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். பிடித்தால் பிடிக்கட்டும்.

சாவியைக் கனகம் மைனியிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம். அன்றைக்கு மூன்று மணிக்கு நான் போய்த்தான் ஆலயத்தைத் திறக்க வேண்டும் என்று என்ன?

செப்டம்பர் 24, புதன்

"ஒண்ணு கேக்கணும்" என்றுதான் சொன்னாள். "சொல்லணும்" என்று சொல்லவில்லை. கேட்பதற்கு அவளிடம் ஒரு கேள்வி இருந்திருக்கிறது. நான்தான் அவளிடம் கேள்வி கேட்டேன், தினமும் வேதம் வாசிக்கிறாயா என்று.

அக்டோபர் 8, புதன்

கூட்டத்துக்குப் போனேன். இப்போதெல்லாம் நான் ஜெபக் குறிப்பு எதுவும் கொடுப்பதில்லை. வாய்விட்டு ஜெபிப்பதும் இல்லை. வருவேன், ஆலயத்தைத் திறப்பேன், பாய் விரிப்பேன், கடைசியில் பூட்டுவேன்.

இன்றைக்குக் கனகம் மைனி எழுந்து, "நம்ம சபையில ஒரு சகோதரி. நல்லா ஊழியம் செஞ்சவங்க. இப்ப மனச்சோர்வுல இருக்காங்க. வீட்டுக்காரர்ட்டகூட சரியாப் பேசுறதில்லன்னு கேள்வி. பேரு வேணாம்" என்றார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஒவ்வொருத்தியாக, என் பெயரைச் சொல்லாமல், எனக்காக ஜெபித்தார்கள். அழுதுகூட ஜெபித்தார்கள். பாயின் விளிம்பில் பிரிந்திருந்த ஓலையை நகத்தால் நிமிண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஜெபத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் சொல்லிக்கொடுத்தபடிதான் ஜெபித்தார்கள். எழுந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. ஆனால் சாவி என்னிடம் இருக்கிறதே.

சுகிர்தாவுக்கும் அந்தத் தனிப் பெஞ்சில் இப்படித்தான் இருந்திருக்கும். இல்லை, இதைவிட எவ்வளவோ அதிகமாக இருந்திருக்கும். என் பிள்ளை உயிரோடுதானே இருக்கிறான், சென்னையில்.

அக்டோபர் 22, புதன்

சாவியைச் சபை ஊழியரிடம் கொடுத்துவிட்டேன். "என்னம்மா திடீர்னு?" என்றார். முட்டு வலி என்றேன். சின்ன வயதிலிருந்து பொய் சொன்னதில்லை என்று எழுதியிருந்தேன். முட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். ஆராதனை முடிந்ததும் எல்லோரும் பூவும் மெழுகுவர்த்தியுமாகத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். நான் சாயங்காலம், ஆள் குறைந்த பிறகு போனேன். மாமனார் மாமியாருக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பும்போது சுகிர்தா இருந்தாள். ஷைனி கல்லருகே குத்தவைத்து உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்தாள். எழுந்து போய்விடவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

பக்கத்துக் கல்லறை மேடையில் உட்கார்ந்தேன். என்னையும் அறியாமல் இரண்டு கையும் கூம்பிவிட்டன. பார்த்ததும் பிரித்துக்கொண்டேன். பிரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கீழே இறங்கி, எதிர்ப் பக்கத்தில் புல் பிடுங்க ஆரம்பித்தேன். மழைக்குப் பிறகு முளைத்த புல், வேரோடு வந்தது. அந்த வழவழப்பான இடத்தில் மண் தெறித்திருந்தது. துடைக்கப் போனேன். பிறகு அவள் கல்லாயிற்றே என்று விட்டுவிட்டேன். அவளே முந்தானையால் துடைத்தாள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ. அன்றைக்கு அவள் கேட்டது இவ்வளவுதான், கொஞ்ச நேரம் சும்மா இருங்க என்று.

"சுகிர்தா" என்றேன். "அன்னைக்கு வந்தாள்ல, அப்ப சொன்னா. 'பெரியம்மா, ஒண்ணு கேக்கணும், மனசு சரியில்ல'ன்னா. நான் கேக்க விடல. கூட்டத்துக்கு நேரமாச்சின்னு ஜெபம் பண்ணி அனுப்பிட்டேன். நீ கேட்டப்போ ஒண்ணுஞ் சொல்லலன்னு சொன்னேன்."

அவள் கை நின்றது.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. வாசல்லயே நின்னா. சரி பெரியம்மான்னு தலைய ஆட்டிட்டுப் போனா. பச்சச் சுடிதார் போட்டிருந்தா."

"பச்சயா" என்றாள் சுகிர்தா.

அப்புறம் அழுதாள். அடக்கத்தன்று நான் நிறுத்திவைத்த அழுகை. பாட்டு எதுவும் எடுக்கவில்லை. வசனம் சொல்லவில்லை. அவள் தோளைத் தொடலாமா என்று தெரியாததால் தொடவும் இல்லை. நானும் அழுதேன். தூரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அதை எதிர்பார்க்கவும் எனக்கு யோக்கியதை இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்லைப் பார்த்தபடியே ஷைனியைப் பற்றி ஒன்று சொன்னாள். ஒரு தாய்க்கு மட்டுமே தெரிந்த ஒன்று. சொல்லி முடித்ததும் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இத..."

"இல்ல" என்றேன்.

பிடுங்கிய புல்லைச் சேர்த்து அள்ளி மதிலுக்கு அப்பால் போட்டேன். அவள் முன்னால் நடந்தாள். நான் கொஞ்சம் பின்னால் வந்தேன். கேட்டைத் தாண்டியதும் அவள் தெற்கே போனாள், நான் வடக்கே வந்தேன்.

இவர் தின்பதற்கு எதுவும் இல்லாமல் காத்திருந்தார். உப்புமா கிண்டும்போது அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"சுகிர்தாவப் பாத்தியாமே. என்ன சொன்னா?"

"ஒண்ணுஞ் சொல்லல" என்றேன்.

இங்கேயும் எழுதவில்லை.